மலையில் இருந்துகொண்டு புத்தகம் போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரி மலையில், கோத்தகிரியில் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து புத்தகங்களுக்குப் பிழை திருத்துவதும் பக்கம் வடிவமைத்துத் தருவதும் என் பிழைப்பு. குன்னூரிலிருந்தும் கூடலூரிலிருந்தும் மஞ்சூரிலிருந்தும் கையெழுத்துப் பிரதியை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு ஆட்கள் வருவார்கள். எல்லோரும் கேட்பது அநேகமாக இதே கேள்விகளைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது. அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

100 பிரதி மட்டும் அடிக்கலாம் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான். பத்துப் பதினைந்து வருடங்களில் தமிழ்ப் பதிப்பில் நடந்த பெரிய மாற்றம் இதுதான். முன்பு புத்தகம் என்றாலே 1,000 பிரதி, சிலர் 1,200. ஆஃப்செட் அச்சில் பக்கங்களுக்குத் தகடு எடுத்து, மெஷினை ஓடவிட்டு, பாதித் தாளை சரிபார்ப்பிலேயே வீணாக்கிய பிறகு 100 பிரதியோடு நிறுத்தினால் கட்டுப்படியாகாது. டிஜிட்டல் மெஷினில் தகடே கிடையாது. ஒன்று அடித்தாலும் நூறு அடித்தாலும் பக்கத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. இதைத்தான் பி.ஓ.டி. (பிரிண்ட் ஆன் டிமாண்ட், தேவைக்கேற்ப அச்சிடுவது) என்கிறார்கள். பெயர் பெற்ற பதிப்பகங்களே இப்போது முதலில் 200, 300 என்று போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மேலே போகின்றன.

ஆனால் ஒரு பிரதிக்கு ஆகும் செலவு கூடுதல். 160 பக்க டெம்மி சைஸ் (வழக்கமான புத்தக அளவு) புத்தகத்தை 100 பிரதி டிஜிட்டலில் அடித்தால் ஒரு பிரதிக்கு ஆகும் தொகையில் ஏறக்குறைய பாதிதான் 1,000 பிரதி ஆஃப்செட்டில் அடித்தால் ஆகும். என் அனுபவத்தில் 500 பிரதிக்கு மேல் நிச்சயம் போகும் என்றால் மட்டும் ஆஃப்செட் பக்கம் போகலாம். "நிச்சயம்" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது, அந்த 500 பேரில் 100 பேரின் பெயரை எழுதிக் காட்டுங்கள் என்பதுதான். பெரும்பாலும் 40-ல் பேனா நின்றுவிடும்.

இன்னொன்று, பக்க எண்ணிக்கையை 16-ன் மடங்கில் வைத்துக்கொள்ளுங்கள். 16 பக்கம் ஒரு ஃபாரம். 161 பக்கத்தில் முடிந்தால் மீதி 15 பக்கம் வெள்ளைத்தாள்தான், அதற்கும் காசு உண்டு.

புத்தகத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்கிறார்கள். பிறகு ஏன் விலை ஏறுகிறது?

அச்சிட்ட புத்தகத்துக்கு வரி இல்லைதான். தாளுக்கு உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல் பள்ளி நோட்டுப் புத்தகத்துக்கான தாளுக்கு வரி எடுக்கப்பட்டது. புத்தகம் அச்சிடும் தாளுக்கோ 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. புத்தகத்துக்கு வரி இல்லாததால், தாளில் கட்டிய வரியைப் பதிப்பாளர் திரும்பப் பெறவும் வழியில்லை. அது அப்படியே அட்டை விலையில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வெற்று நோட்டுக்குச் சலுகை, எழுதி முடித்த நோட்டுக்கு வரி என்று ஒரு பதிப்பாளர் சொல்லிச் சிரித்தார். சிரிப்பில் உப்பு இருந்தது.

ஐ.எஸ்.பி.என். (புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண்) வாங்க எவ்வளவு ஆகும்?

ஒரு பைசா ஆகாது. மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் உள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இணையத்திலேயே இலவசமாகத் தருகிறது. தனி ஆளும் விண்ணப்பிக்கலாம். 13 இலக்கம், நம் நாட்டுப் புத்தகமென்றால் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். "எண் வாங்கித் தர 3,000 ரூபாய்" என்று யாராவது சொன்னால் அது அவருடைய உழைப்புக்கான கூலி மட்டுமே, எண்ணின் விலை இல்லை. அந்த எண் யார் பெயரில் பதிவாகிறது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் கட்டினால் எழுத்துப்பிழை முதல் விற்பனை வரை எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரு நிறுவனம் சொல்கிறது. நம்பலாமா?

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அப்படி ஓர் இடத்தில் 45,000 ரூபாய் கட்டினார். 50 பிரதி வந்தது. 47-ஆம் பக்கம் இரண்டு முறை இருந்தது, 48-ஐக் காணவில்லை. "இணையத்தில் உலகெங்கும் கிடைக்கும்" என்றார்கள். கிடைத்தது உண்மைதான், யார் வாங்குவார்கள் என்பது பற்றி மட்டும் அவர்கள் பேசவே இல்லை. மீதிப் பிரதி கேட்டால் பிரதிக்கு இவ்வளவு என்று இன்னொரு விலைப்பட்டியல் வந்தது. அவர் என்னிடம் வந்தபோது கோபமாகக்கூட இல்லை, கூச்சமாக இருந்தார். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பணம் கொடுத்துப் புத்தகம் போடுவதில் கேவலம் ஒன்றும் இல்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். திருத்துபவருக்கு இவ்வளவு, வடிவமைப்புக்கு இவ்வளவு, அட்டைக்கு இவ்வளவு, அச்சுக்கு இவ்வளவு என்று பிரித்துக் கேளுங்கள். மொத்தமாக ஒரு "பேக்கேஜ்" மட்டும் சொல்கிறவரிடம் கொஞ்சம் விலகி நில்லுங்கள்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் தெரிந்துகொள்ள வேண்டியவை 1957-ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே இருக்கின்றன. எத்தனை வருடத்துக்கு உரிமை தருகிறீர்கள் என்று எழுதாவிட்டால் அது 5 வருடம் என்றே கொள்ளப்படும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும். உரிமையை வாங்கிக்கொண்டு ஒரு வருடம் புத்தகம் போடாமல் வைத்திருந்தால், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய உரிமை உங்களிடமே திரும்பிவிடும். ஆகவே "வேறு மாதிரி" எழுதியிருக்கிறதா என்பதைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு தேட வேண்டும். பதிப்புரிமையைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. எழுதிய கணமே அது உங்களுடையது. உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருடம் வாரிசுகளுக்கு நிற்கும்.

கணினியில் நானே டைப் செய்துவிட்டேன். இன்னும் என்ன வேலை இருக்கிறது?

இருக்கிறது, நிறைய. நீங்கள் கைபேசியிலோ கணினியிலோ அடிப்பது யூனிகோடு. பல அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்கள்தான் ஓடுகின்றன. உங்கள் கோப்பை அந்த எழுத்துருவுக்கு மாற்றி, பிறகு மின்னூலுக்காகத் திரும்ப யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். துணைக்காலும் ரகரமும் ஒன்றுபோலத் தெரிவதால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று வந்துவிடும். தாளில் கண் ஏமாந்துபோகும். மின்னூலில் தேடினால்தான் சொல் கிடைக்காது. "ஔவை" என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடித்து "ஒளவை" ஆக்கியிருப்பார்கள். இதை நான் திருத்தாத மாதமே இல்லை.

இன்னொரு விஷயம் வரி உடைவது. மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. இடம் போதவில்லை என்றால் "மலையில்" என்பதை வெட்டி "ல்" என்ற ஒற்றை மட்டும் அடுத்த வரியின் தலையில் கொண்டுபோய் வைக்கும். புள்ளி எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பது ஈய எழுத்துக் கோத்த காலத்துத் தொழிலாளிக்குக் கையிலேயே இருந்தது. இப்போது ஒவ்வொரு பக்கமாக நானே கண்ணால் பார்க்கிறேன்.

பிழை திருத்தத்தை ஏ.ஐ.யிடம் கொடுத்தால் என்ன? ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறதே!

நானும் பயன்படுத்துகிறேன், ஒளிக்கவில்லை. ஒற்றுப் பிழையை ஓரளவு பிடிக்கும், விட்டுப்போன சொல்லைக் காட்டும்.

போன வருடம் கூடலூரிலிருந்து ஒரு பெரியவர் தன் கதையை எழுதிக் கொண்டுவந்தார். 1964-ஆம் வருட சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம். கண்டிப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். காலையில் ஆட்களைப் பேர் பதிந்து வேலைக்குப் பிரித்துவிடும் இடத்தை அங்கே பிரட்டுக்களம் என்பார்கள். புத்தகம் முழுக்க அந்தச் சொல் வருகிறது. அவர் பேரன் கோப்பை ஏ.ஐ.யில் போட்டுத் "திருத்தி" அனுப்பியிருந்தான். எல்லா இடத்திலும் "புரட்டுக்களம்" என்று இருந்தது. பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அதுவும் பொய்யில்லீங்க" என்றார். ஆனாலும் பழையபடியே மாற்றிவிட்டோம்.

இந்த மலைக்கு உரிய சொற்கள் எல்லாவற்றுக்கும் இதே ஆபத்து. தோடர்களின் குடியிருப்பான மந்து "மந்தை" ஆகும், படுகர்களின் ஊரான ஹட்டி "அட்டி" ஆகும். திருத்தச் சொல்லும்போது "எதையும் மாற்றாதே, சந்தேகமுள்ளதை மட்டும் காட்டு" என்று சொல்லி வாங்குங்கள். முடிவு உங்கள் கையில் இருக்கட்டும்.

முழுப் புத்தகத்தையும் ஏ.ஐ.யிடம் எழுதவைத்து அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் ஏற்றலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. 2023 செப்டம்பரிலிருந்து அமேசான் அதை வெளிப்படையாகக் கேட்கிறது, அறிவிக்க வேண்டும். அந்த மாதமே ஒரு நாளைக்கு மூன்று தலைப்புக்கு மேல் ஏற்றக்கூடாது என்றும் கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று புத்தகம் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

படுகுப் பாட்டுகளைப் புத்தகமாகப் போட வேண்டும். எந்த எழுத்தில் போடுவது?

படுகர்களின் ஹெத்தை ஹப்பா திருவிழா நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியோடு வருவார். 2011 கணக்கெடுப்பில் படுகைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 1,34,000 பேர். அதுவும் கன்னடத்தின் கீழே ஓர் உள்பிரிவாகத்தான் பதிவாகியிருக்கிறது. படுகுக்கென்று எல்லோரும் ஒப்புக்கொண்ட தனி எழுத்து இல்லை. நம் ஆட்கள் பள்ளியில் படித்தது தமிழ் எழுத்து என்பதால் வாசிக்கப்போவதும் அதில்தான். ஆகவே தமிழ் எழுத்தில் போடுங்கள் என்பேன்.

சிக்கல் எங்கே என்றால், தமிழில் ஒரே ககரம் இரண்டு ஒலிக்கும் நிற்கும். படுகிலோ சொல்லின் தொடக்கத்திலேயே வல்லொலியும் மெல்லொலியும் பொருளை மாற்றிவிடும். வெளியாள் வாசித்தால் தடுமாறுவார். சுலோகப் புத்தகங்களில் க-வின் தலையில் 2, 3 என்று சின்ன எண் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வழி உண்டு. ஒரு முறை ஒரு பாட்டை அப்படி அடித்துப் பாட்டியம்மாவிடம் காட்டினோம். "என்ன இது, கணக்கு நோட்டா?" என்று தள்ளிவிட்டார். அதன் பிறகு எண்களை எடுத்துவிட்டு, முன்பக்கத்தில் அரைப் பக்கத்துக்கு "இப்படி வாசிக்க வேண்டும்" என்று குறிப்பு மட்டும் போட்டோம். ஒவ்வொரு பாட்டின் கீழும் ஒரு க்யூ.ஆர். கோடு, கைபேசியில் காட்டினால் அந்தப் பாட்டியம்மாவின் குரலிலேயே பாட்டு கேட்கும். இதற்குத் தனியாகச் செலவு ஒன்றும் இல்லை. இப்போது சிறு பதிப்புகளில் இது பரவலாக வருகிறது, நம் மலைக்கு இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தோன்றவில்லை.

குறும்பர், இருளர், கோத்தர், தோடர் பாட்டுகளுக்கும் இதேதான். கூடுதலாக ஒன்று: பாடியவரின் பெயர் அட்டையில் வர வேண்டும். தொகுத்தவர் பெயர் பெரிதாகவும் பாடியவர் பெயர் நன்றியுரையின் கடைசி வரியிலும் இருந்தால் நான் வேலையை எடுப்பதில்லை.

புத்தகத்தை வாசகருக்கு அனுப்ப மலிவான வழி என்ன?

இதில்தான் அண்மையில் பெரிய குழப்பம் நடந்தது. பதிவுப் புத்தகத் தபால் என்று ஒன்று இருந்தது. சிறு பதிப்பாளர்கள் எல்லோரும் அதை நம்பித்தான் இருந்தார்கள். 2024 டிசம்பரில் அதைத் திடீரென்று நிறுத்திவிட்டார்கள். 100 ரூபாய்ப் புத்தகத்துக்கு அஞ்சல் செலவே புத்தக விலையை எட்டிப் பிடிக்கும் நிலை வந்தது. 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்ற பெயரில் புதிய சேவை வந்தது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை போனால் 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போகும், கொஞ்சம் மெதுவாகத்தான் போகும். பத்திரிகைகள் போகாது, விளம்பரம் கூடாது, புத்தகத்தில் வெளியிட்டவர் அல்லது அச்சிட்டவர் பெயர் இருக்க வேண்டும். உள்ளே அன்பாக ஒரு கடிதம் எழுதி வைக்காதீர்கள், அது புத்தகத் தபால் ஆகாது.

இங்கேதான் எடை முக்கியம். 160 பக்கம் டெம்மி, 80 ஜி.எஸ்.எம். (தாளின் கனத்துக்கான அளவு) தாள், சாதா அட்டை என்றால் சுமார் 210 கிராம். உறையோடு 300-க்குள் அடங்கிவிடும். அதையே கெட்டி அட்டை போட்டு, "கனமாக இருந்தால் மதிப்பு" என்று 100 ஜி.எஸ்.எம். தாளில் அடித்தால் வரம்பைத் தாண்டிவிடும். அச்சுக்குப் போகுமுன்பே தபால் தராசை நினைத்துக்கொள்ளுங்கள்.

பதிவுத் தபாலும் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. பழைய கட்டணத்தைப் புத்தகத்தின் பின்னட்டையில் அச்சிட்டு வைத்திருப்பவர்கள் அதன் மேல் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிடுங்கள்.

சென்னையில் அடித்த புத்தகம் இங்கே வந்ததும் வளைந்துவிடுகிறது, பூக்கிறது. ஏன்?

ஈரம். மேட்டுப்பாளையம் வரை வெயிலில் வந்து, மலை ஏறியதும் மூடுபனியில் இறங்கினால் தாள் நீரை உறிஞ்சும். வெளிப்பக்கம் மட்டும் லேமினேஷன் போட்ட அட்டையில் அந்தப் பக்கம் உறிஞ்சாது, அதனால் அட்டை வெளிப்பக்கமாகச் சுருளும். ஐப்பசி, கார்த்திகையில் புத்தகக் கட்டை இறக்காதீர்கள். இறக்கித்தான் ஆக வேண்டுமென்றால் கட்டை உடனே பிரிக்காமல் ஒரு நாள் அறையில் வைத்துவிட்டுப் பிரியுங்கள்.

ஒவ்வொரு பிரதியையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்ப வேண்டாம் என்று அச்சகத்துக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். நம் மாவட்டத்தில் பிளாஸ்டிக் தடை தெரியும்தானே. சோதனைச் சாவடியில் நின்று 200 உறையைக் கிழித்தவள் நான். பழுப்புத் தாளில் கட்டி, வெளியே ஒரே ஒரு தார்ப்பாய் போதும்.

வீட்டில் வைத்திருப்பவர்கள் அலமாரிக்குள் ஒரு சின்ன பல்பை எரியவிடும் பழைய ஊட்டி வழக்கத்தைப் பின்பற்றலாம். ராமபாணப் பூச்சிக்கு வசம்புத் துண்டு. நாப்தலின் வைத்தால் புத்தகம் திறக்கும்போதெல்லாம் பழைய கம்பளி வாசனை வரும்.

மின்னூலாக மட்டும் போட்டால் போதாதா?

உங்கள் வாசகர் யார் என்பதைப் பொறுத்தது. கிண்டிலில் தமிழ் 2016 முதல் இருக்கிறது. ஏற்றுவதற்குச் செலவில்லை. இந்திய விற்பனையில் 70 சதவீதம் பங்கு வேண்டுமென்றால் அவர்களுடைய செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறு எங்கும் கிடைக்கக் கூடாது. சேராவிட்டால் 35 சதவீதம். துப்பறியும் கதை, குடும்பக் கதை எழுதுகிறவர்களுக்கு அங்கே நல்ல வாசகர் கூட்டம் இருக்கிறது. ஊர் வரலாறு, தோட்டக் கதை எழுதுகிறவர்களுக்குத் தாள்தான் என்பது என் எண்ணம். காசு நோக்கம் இல்லை, நாலு பேர் படித்தால் போதும் என்றால் ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ் போன்ற இடங்களில் இலவசமாகவே விடலாம்.

ஒலிப்புத்தகம்?

குக்கு எஃப்.எம்., பாக்கெட் எஃப்.எம். போன்ற கைபேசிச் செயலிகளில் தமிழ் நன்றாக ஓடுகிறது. அங்கே தொடர்கதைக்குத்தான் மவுசு. கட்டுரைத் தொகுப்போடு போகாதீர்கள்.

நூலக ஆணை கிடைத்தால் போட்ட காசு வந்துவிடுமாமே?

1948-ஆம் வருடப் பொது நூலகச் சட்டத்தில் சுதந்திர இந்தியாவுக்கே முன்னோடி நாம்தான். வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக நாம் எல்லோரும் கட்டுகிறோம். அந்தக் காசில் நூலகங்களுக்குப் புத்தகம் வாங்குகிறார்கள். இப்போது விண்ணப்பம் இணையவழியில். கிடைத்தால் நல்லது. ஆனால் அதை நம்பிக் கடன் வாங்கி 1,000 பிரதி அடிப்பது வேண்டாம். தேர்வாகவும் நாளாகும், பணம் வரவும் நாளாகும்.

ஒரு கடமையும் உண்டு, பலருக்குத் தெரியாது. 1954-ஆம் வருடச் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உட்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கும் பதிப்பாளர் செலவில் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். நான் கூடவே உதகை மாவட்ட மைய நூலகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்கச் சொல்வேன். சட்டம் கேட்காத பிரதிதான் பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது.

சென்னைப் புத்தகக் காட்சிக்குள் புத்தகம் வந்துவிட வேண்டும். முடியுமா?

டிசம்பரில் வந்து கேட்டால் முடியாது என்பேன். 1977 முதல் பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் அந்தக் காட்சியை ஒட்டித்தான் தமிழ்ப் பதிப்புலகமே மூச்சு விடுகிறது. பொங்கலுக்கு முந்தைய இரண்டு மாதம் எந்த அச்சகத்திலும் நிற்க இடமிருக்காது. அவசரத்தில்தான் 47-ஆம் பக்கம் இரண்டு முறை வரும். ஆடியில் வாருங்கள். மெஷின் காலியாக இருக்கும், விலையும் பேசலாம், இங்கே மழை என்பதால் நானும் வீட்டில்தான் இருப்பேன்.

மாவட்டம்தோறும் அரசு ஆதரவில் புத்தகத் திருவிழா நடக்கத் தொடங்கிய பிறகு உதகையிலும் கடைகள் வருகின்றன. நம் ஊர் எழுத்தாளருக்குச் சென்னை நந்தனத்துக் காட்சியைவிட இதுவே மேல். அங்கே ஆயிரக்கணக்கான தலைப்புகளில் ஒன்று. இங்கே அட்டையில் தொட்டபெட்டாவைப் பார்த்தாலே கையில் எடுத்துவிடுவார்கள்.

மொழிபெயர்ப்புக்குக் காலம் வந்துவிட்டது என்கிறார்களே?

2025-ல் சர்வதேச புக்கர் பரிசு ஒரு கன்னடச் சிறுகதைத் தொகுப்பின் ஆங்கில வடிவத்துக்குக் கிடைத்தது. அதற்கு இரண்டு வருடம் முன்பு ஒரு தமிழ் நாவல் நெடும்பட்டியல் வரை போனது. 2023 முதல் சென்னையில் பன்னாட்டுப் புத்தகக் காட்சியும் நடக்கிறது, தமிழிலிருந்து வெளியே போகும் நூல்களுக்கு நல்கையும் தருகிறார்கள். காலம் வந்தது உண்மை. உங்கள் முதல் புத்தகத்தின் முதல் 100 பிரதியை முதலில் பார்ப்போம்.

கடைசியாக: எங்கே விற்பது?

கடைகளுக்குக் கொடுத்தால் 35 முதல் 50 சதவீதம் கழிவு கேட்பார்கள். அது அவர்களுடைய வாடகை, தப்பில்லை. ஆனால் 100 பிரதிக்கு அந்த வழியே போக வேண்டாம்.

பிரட்டுக்களப் பெரியவரின் புத்தகம் 150 பிரதி அடித்தோம். வெளியீட்டு விழா எதுவும் இல்லை. கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கே பத்துப் பிரதியை அடுக்கி வைத்தார். வாங்குகிறவர்கள் பாதிப் பேருக்குக் கையில் காசு இருக்காது, சம்பளத்தன்று தருவார்கள். மூன்று மாதம் கழித்துப் போயிருந்தேன். கடைக்காரர் பற்று நோட்டைத் திருப்பிக் காட்டினார். "வர்க்கி 6, டீ 4, பிரட்டுக்களம் 2" என்று எழுதியிருந்தது. எழுத்துப்பிழை இல்லை.